மகள் நர்ஸிங் படிக்கட்டுமா?

சென்ற பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா, ஒரு உதவி பண்ணணும். என் பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கப் போறா. நர்ஸிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுவும் குழந்தைங்க ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கணுமாம். நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லி மனசை மாத்துங்க."

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் இதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "உங்களைச் சொல்லலைக்கா..." என்று தடுமாறினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. 1978-இல் என் தகப்பனாரும் இதையேதான் சொன்னார். ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு, மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம், மூன்று பெண்கள். "ராத்திரி டியூட்டி, ஊரார் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?" என்பது அவருடைய கவலை. என் தாயார் அதுவரை வாய் திறக்கவில்லை. எனக்கு மூத்தவனாக ஒரு அண்ணன் ஊரில் பிறந்து, ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கில் இறந்துபோனவன். பேதி ஆகிறபோது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தண்ணீரையே நிறுத்திவிட்டார்களாம். "அன்னிக்கு விவரம் தெரிஞ்சவ ஒருத்தி வீட்டில இருந்திருந்தா அவன் இருந்திருப்பான். இவ படிக்கட்டும்" என்றார் அம்மா. அத்துடன் பேச்சு முடிந்தது.

இந்தக் கதையை நம் மலரின் ஆசிரியரிடம் சொன்னேன். "இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்றார். குழந்தைகள் வார்டில் எட்டு ஆண்டுகளும், பிறகு பொது சுகாதாரப் பணியில் முப்பது ஆண்டுகளும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குழந்தை என்பது சிறிய அளவில் ஒரு பெரியவர் அல்ல

வார்டில் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஆசிரியை சொன்ன பாடம் இது. பெரியவர்களுக்கு மாத்திரை 'ஒன்று', 'இரண்டு' என்று எண்ணிக்கையில் போகும். குழந்தைகளுக்கு எல்லாமே எடைக் கணக்கு. ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, அதை மருந்துக் குப்பியிலுள்ள அடர்த்தியோடு ஒப்பிட்டு, ஊசியில் எத்தனை மில்லி எடுப்பது என்று பார்க்க வேண்டும். மூன்று கிலோ சிசுவும் முப்பது கிலோ சிறுவனும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். ஆகவே நர்ஸிங்குக்குக் கணக்கு வேண்டாம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, இரண்டாவது நைட் டியூட்டி. 0.5 மில்லி எடுக்க வேண்டிய மருந்தை 5 மில்லியாக எடுத்துவிட்டேன். புள்ளி ஒன்று கண்ணில் படவில்லை. எங்கள் வார்டில் இருவர் சரிபார்த்த பிறகே ஊசி போட வேண்டும் என்று விதி. அன்று கூட இருந்த மூத்த சிஸ்டர் ஊசியைப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தை எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் கேட்டிராவிட்டால் பத்து மடங்கு மருந்து ஏறியிருக்கும். மறுநாள் அவரே என்னை உட்கார வைத்து, தவறைப் பதிவேட்டில் எழுத வைத்தார். தவறை மறைக்கிற நர்ஸ்தான் ஆபத்தானவள் என்பதை அன்று கற்றேன்.

இரண்டாவது, கைக்குழந்தைக்கு வாய் இல்லை. 'இங்கே வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. அதன் மூச்சையும் நிறத்தையும் அழுகையையும் நாம்தான் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு மூச்சு எண்ணுவது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக இராது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. நிமோனியாவோ என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் இன்னும் அவசரம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும்.

மூன்றாவது, குழந்தை தனியாக வருவதில்லை. தாயும் வருகிறாள். அவளுக்குத் தூக்கம் இருக்காது, பயம் இருக்கும், சில நேரம் நம்மேல் கோபமும் இருக்கும். அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பாவிட்டால் அதே குழந்தை அடுத்த மாதம் திரும்பி வரும்.

வார்டிலிருந்து வீதிக்கு

அப்படித்தான் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் மழைக்காலத்திலும் கண் குழிந்து, நாக்கு வறண்டு, கிள்ளிய தோல் மடிப்பு மெதுவாக இறங்குகிற குழந்தைகள். சலைன் ஏற்றித் தேற்றி அனுப்புவோம். பத்து நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தை வரும். சில குழந்தைகள் நம் கையிலேயே போய்விடும். ஒரு நாள் ஒரு தாய், "தண்ணியையும் பாலையும் ரெண்டு நாளா நிறுத்தித்தான் வெச்சிருந்தோம், அப்படியும் போயிட்டானே" என்று அழுதாள். அந்த இந்தி வார்த்தைகள் எனக்கு என் அம்மாவின் வார்த்தைகளாகக் கேட்டன. நாம் இருக்க வேண்டிய இடம் இந்தக் குழந்தை வார்டுக்கு வருவதற்கு முந்தைய வீடு என்று அன்று தோன்றியது. 1990-இல் பொது சுகாதாரப் பணிக்கு மாறினேன். பி.எஸ்சி. நர்ஸிங்கிலேயே சமுதாய சுகாதாரமும் ஒரு பாடமாக இருந்ததால் மாறுவது சாத்தியமாயிற்று.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1971-இல் வங்காள தேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் குளுகோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் அது 4-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் காலமானார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. தத்துவம் எளியது. பேதியின்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும்; சர்க்கரை தன்னோடு உப்பை இழுத்துச் செல்லும்; உப்பின் பின்னால் தண்ணீர் போகும். இதைத் தாய்க்குப் புரிகிற மொழியில் சொல்லி, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று அளந்து காட்டி, குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுக்கப் பழக்குவதுதான் நர்ஸின் வேலை. இப்போது கூடவே 14 நாட்களுக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுக்கிறோம்.

தடுப்பூசியும் அப்படியே. 1985-இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போன கோடை நாளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் எங்கள் தலைமுறை நர்ஸுகள் எல்லோருக்கும் உண்டு. 1994 அக்டோபர் 2 அன்று தில்லியில் போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்தது. மறு ஆண்டு அது நாடெங்கும் பரவியது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி, 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தச் சான்றிதழில் எங்கள் பெயர் இல்லை. ஆனால் சுண்ணக்கட்டியால் வீட்டுக் கதவில் குறியிட்ட கைகளில் என் கையும் ஒன்று.

நம் தமிழும் உதவியது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. தில்லியில் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு குடிசைப் பகுதி. 'தடுப்பூசிக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்கள்' என்று அறிக்கையில் எழுதியிருந்தார் எங்கள் கள ஊழியை. அவர் இந்தியில் பேசியிருக்கிறார். இவர்கள் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே நின்றே, "ஆத்தா வந்திருக்காளா?" என்று கேட்டேன். அந்தக் கிழவி தமிழைக் கேட்டதும் அதிசயித்துப்போய், "ஆமா தாயி, பேரனுக்கு மணல்வாரி போட்டு நாலு நாளாச்சு. ஊசி போட்டா ஆத்தாளுக்கு ஆகாது" என்றாள்.

"வேப்பிலை இருக்கட்டும், ஆத்தாளும் இருக்கட்டும் பாட்டி. நான் ஊசி எடுத்து வரலை. பிள்ளையை ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்றேன். பத்து மாதக் குழந்தை. மூச்சை எண்ணினேன், 68. விலாவுக்குக் கீழே பள்ளம். தட்டம்மைக்குப் பின் வருகிற நிமோனியா. பாட்டியின் கையைப் பிடித்து, குழந்தையின் வயிற்றைக் காட்டி, "இது ஆத்தா இல்லை பாட்டி, இது சளி. இதுக்கு மருந்து இருக்கு" என்றேன். அரை மணி நேரம் பேசவேண்டியிருந்தது. ஆட்டோவில் நானே கூட உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்தான். அடுத்த புதன்கிழமை அந்தப் பாட்டியே பதினோரு குழந்தைகளைத் தடுப்பூசிக்கு அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினாள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் எந்த நகரத்திலும் இருக்கின்றன. இரண்டு மூன்று மொழி பேசுகிற நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு ஒரு முதலுடன் வருகிறார்கள்.

1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. இந்த இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நர்ஸின் உழைப்பும் ஒன்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

படிப்பு வழிகள்

இனி பெற்றோர் கேட்கும் விவரங்களுக்கு வருகிறேன்.

ஏ.என்.எம்.: இரண்டு ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். துணை சுகாதார நிலையங்களில் தாய் சேய் நலப் பணிக்கு இதுதான் அடிப்படை.

ஜி.என்.எம்.: மூன்று ஆண்டு டிப்ளமா. இதற்கும் அறிவியல் பிரிவு கட்டாயம் அல்ல. ஆங்கிலம் உட்பட 40 சதவீத மதிப்பெண் வேண்டும். காமர்ஸ் படித்துவிட்டோமே என்று கலங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி. பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம்.

பி.எஸ்சி. நர்ஸிங்: நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியலில் மொத்தம் 45 சதவீதம், ஆங்கிலத்தில் தேர்ச்சி, சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைவு ஆகியவை பொதுத் தகுதி. முடிந்தவர்கள் இதிலேயே சேர்வது நல்லது. பிற்பாடு எந்தப் பக்கமும் திரும்பலாம்.

எம்.எஸ்சி. நர்ஸிங்: இரண்டு ஆண்டு. பட்டத்துக்குப் பின் ஓராண்டு அனுபவம் வேண்டும். குழந்தை நலச் செவிலியம், சமுதாய நலச் செவிலியம் இரண்டும் இதில் தனித்தனிச் சிறப்புப் பிரிவுகள். பச்சிளம் சிசுக்களைக் கவனிக்க ஓராண்டு டிப்ளமாவும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகிவிட்ட இந்நாளில் அதற்கு நல்ல தேவை இருக்கிறது.

பொது சுகாதாரத்தில் ஆராய்ச்சி, திட்டமிடல் பக்கம் போக விரும்பினால் எம்.பி.எச். என்னும் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. டாக்டர்களுக்கு மட்டும் உரியதல்ல. நர்ஸிங் பட்டதாரிகளையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இதை நடத்துகிறது.

எங்கே படிப்பது என்பதில் நம் பெருமைக்குரிய செய்தி ஒன்று. இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946-இல் இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மற்றொன்று தில்லியில், இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் இருக்கும் நர்ஸிங் கல்லூரி. குழந்தை மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. தில்லி கலாவதி சரண், மும்பை பரேலில் வாடியா, ஹைதராபாத் நிலோஃபர், சென்னை எழும்பூர் என்று வரிசை நீளும்.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டியவை

நம் பிள்ளைகள் பலருக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள். இங்கே படித்தவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. வாழ்கிற மாநிலத்திலோ, பள்ளிப்படிப்பை அங்கேயே முடித்தவர்களுக்கு முன்னுரிமை இருக்கலாம். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததுமே இரண்டு மாநில விதிகளையும் படித்துப் பாருங்கள். எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது; ராணுவ நர்ஸிங் சேவைக்கும் வேறு சில கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் தேவை. டாக்டர் சீட்டுக்கு எழுதுகிற தேர்வுதானே என்று நர்ஸிங் விருப்பமுள்ள பெண் எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

தனியார் கல்லூரியில் சேர்ப்பதானால், அதற்கு மாநில நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடம் பளபளவென்று இருந்து கட்டில்கள் காலியாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நோயாளியைத் தொடாமல் நர்ஸிங் கற்க முடியாது. தரகர் கையில் பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு, எச்சரிக்கையாக இருங்கள். படித்து முடித்ததும் மாநில கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும்.

வேலையும் வருமானமும்

மத்திய அரசு மருத்துவமனைகளில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற பெயர் 2016-இல் 'நர்ஸிங் ஆபீசர்' என்று மாறியது. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900, படிகள் தனி. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு இருக்கிறது. போட்டி கடுமையானது, ஆனால் சிபாரிசு தேவையில்லை.

சமுதாயப் பக்கம், 2018-க்குப் பின் துணை சுகாதார நிலையங்களில் சமுதாய சுகாதார அதிகாரி என்ற பதவி வந்திருக்கிறது. நர்ஸிங் படித்தவர்கள் ஆறு மாதக் கூடுதல் பயிற்சியுடன் இதில் சேர்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் வரை பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் குழுக்களிலும் நர்ஸுகள் இருக்கிறார்கள்.

கஷ்டங்களை மறைத்துவிட்டால் நான் எழுதுவது விளம்பரம் ஆகிவிடும். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் சம்பளம் உழைப்புக்கு ஈடில்லை. நைட் டியூட்டி உடம்பை வாட்டும். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது. குழந்தை இறந்த இரவில் வீடு திரும்பி, சொந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறேன். அழுகை வராத நாள் வந்துவிடக் கூடாது என்றும் வேண்டியிருக்கிறேன். அருவருப்பும் அவசர புத்தியும் உள்ளவர்களுக்கு இது ஏற்ற தொழில் அல்ல. மாப்பிள்ளை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எனக்குக் கிடைத்தார். நைட் டியூட்டி நாட்களில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். ஆண் பிள்ளைகளுக்கும் இந்தத் தொழில் திறந்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன்? மனதை மாற்றச் சொன்ன தாயாருக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. பெண்ணை வீட்டுக்கு அழைத்து, மேலே எழுதிய கஷ்டங்களை எல்லாம் முதலில் சொன்னேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைகள் வார்டைப் பார்வை நேரத்தில் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். தாயாரும் கூடப் போனார். திரும்பி வந்து பெண், "நான் அப்ளிகேஷன் போடறேன் ஆன்ட்டி" என்றாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

இப்போது அவள் முதலாண்டு மாணவி. வேறு யாருக்காவது விண்ணப்பம், விதிமுறை பற்றிச் சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நூலகத்துக்கு வருவது வழக்கம். பெண்ணோடு தகப்பனாரும் வந்தால் இன்னும் நல்லது.